சிலேட்டில் காலியாக இருக்கும் நாலாம் எண்

அக்கிராசனம் வகிக்கும் பெரியவர் சொக்கநாதன் அவர்களே! தல்லாகுளம் தாய் சேய் நலச் சங்கத்தின் காரியதரிசி, வக்கீல் கல்யாணராமன் அவர்களே! உதவிக் காரியதரிசியும் என் தகப்பனாருமான கைலாசநாதன் அவர்களே! நர்ஸ் அகிலாண்டம் அம்மாள் அவர்களே! பெஞ்சுகளில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே, பெரியோர்களே! வாசற்படி ஓரமாகத் தரையில் உட்கார்ந்திருக்கும் திருமதி ராக்கம்மாள் அவர்களே! உங்கள் எல்லோருக்கும் என் வணக்கம்.

முன்வரிசையில் மூன்று நாற்காலிகள் காலியாக இருக்கின்றன. யாருக்காகக் கூட்டம் கூட்டினோமோ அவருடைய மனைவி தரையில் இருக்கிறார். ராக்கம்மாள் அவர்களே, முன்னால் வாருங்கள். வேண்டாம் என்று கையசைக்கிறீர்கள். சரி. நீங்கள் எங்கே உட்கார்ந்திருக்கிறீர்களோ அதுதான் இந்தக் கூட்டத்தின் முன்வரிசை. நான் அந்தப் பக்கம் பார்த்தே பேசுகிறேன்.

என் பெயர் ஸ்யாமளா. ஐந்தாம் பாரத்தில் படிக்கிறேன். நிகழ்ச்சி நிரலில் எனக்குக் கடவுள் வாழ்த்து மட்டுந்தான் கொடுத்திருந்தார்கள். அதைப் பாடி முடித்துவிட்டேன். பிறகு அக்கிராசனர் அவர்களிடம் நானும் பேசலாமா என்று கேட்டேன். "பேசும்மா, குழந்தை நாலு வார்த்தை சொன்னா நல்லாத்தான் இருக்கும்" என்று அனுமதி கொடுத்தார். நாலு வார்த்தையில் முடியாது. அதற்காக முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சங்கத்தின் மோட்டார் சைக்கிள் ஓட்டி, உயர்திரு சின்னக்கருப்பன் அவர்கள் காலமாகிப் பதினோரு நாளாகிறது. சற்று முன் அனுதாபத் தீர்மானம் வாசிக்கப்பட்டது. அதில் அவர் பெயர் 'கருப்பன்' என்று இருக்கிறது. பாதிப் பெயர்! எட்டு வருஷம் இந்தச் சங்கத்துக்கு உழைத்தவருக்கு முழுப் பெயர் எழுத மையில்லாமல் போய்விட்டதா? அது போகட்டும். தீர்மானத்தின் இரண்டாவது வாக்கியத்தை உங்களில் எத்தனை பேர் கவனித்தீர்கள்? "வண்டியின் கார்புரேட்டரை உரிய கவனத்துடன் சுத்தம் செய்யாமல் எடுத்துச் சென்றதால் நேர்ந்த விபத்தில்" என்று இருக்கிறது. எல்லோரும் எழுந்து நின்று மௌனமாக இருந்தோம். அந்த வாக்கியத்துக்கும் சேர்த்துத்தான் மௌனமாக இருந்தோம்.

நான் இங்கே நிற்பது அந்த வாக்கியத்துக்காகத்தான்.

சின்னக்கருப்பன் அவர்கள் என்ன செய்தார் என்பதை இங்கே இருக்கும் தாய்மார்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பக்கத்தில் தொட்டி வைத்த அந்தப் பழைய சீமை வண்டி உங்களுக்குத் தெரியும். 1926ஆம் வருஷத்து வண்டி. தொட்டியில் நர்ஸம்மா, அவர் மடியில் கறுப்புப் பை, மேலே காக்கித் தொப்பியோடு சின்னக்கருப்பன் அவர்கள். சோழவந்தானில் வெற்றிலைக் கொடிக்காலுக்கு நடுவே வண்டி போக வழியில்லாதபோது, வண்டியை வரப்போரம் நிறுத்திவிட்டுப் பையைத் தலையில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடியவர் அவர். கொட்டாம்பட்டிப் பக்கம் ஒரு வீட்டில், "இந்தாளு வாசலுக்கு வரப்படாது" என்று ஒருவர் சொன்னாராம். "நான் வரலைங்க. வெந்நியை மட்டும் வெரசாப் போடச் சொல்லுங்க. பிள்ளை என்ன சாதின்னு பிறந்தப்புறம் பாத்துக்கலாம்" என்று இவர் வேலிக்கு வெளியே நின்றபடியே சொன்னாராம். நர்ஸம்மா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். அந்த வீட்டிலும் தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள்.

எட்டு வருஷத்தில் அந்த வண்டி வழியில் நின்றுபோய் ஒரு பிரசவமாவது தவறியதுண்டா? நர்ஸம்மா, நீங்கள் சொல்லுங்கள். இல்லை என்று தலையசைக்கிறார்கள். எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அது எப்படி முடிந்தது? யுத்த காலம். உதிரிப் பாகம் கிடையாது. கூப்பனுக்குக் கிடைக்கும் பெட்ரோலில் பாதி மண்ணெண்ணெய், மீதியில் தண்ணீரும் தூசியும். அப்படியிருந்தும் அந்த வண்டி நிற்கவில்லை என்றால் காரணம் ஞாயிற்றுக்கிழமைகள். சங்கத்து ஷெட் எங்கள் வீட்டுக்கு அடுத்த காம்பவுண்டில் இருக்கிறது. வண்டியோடு வந்த இங்கிலீஷ் கையேட்டை வாசித்துத் தமிழில் சொல்வதற்காக இரண்டு வருஷத்துக்கு முன் என்னைக் கூப்பிட்டார். ஒரு வாரந்தான் என்று போனேன். அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் நான் போகாமலிருந்ததில்லை.

கார்புரேட்டர் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். அது வண்டியின் அடுப்படி. பெட்ரோலையும் காற்றையும் அளந்து கலந்து என்ஜினுக்குப் பரிமாறுவது அதுதான். அளவு கொஞ்சம் தப்பினால் வண்டி இருமும். நிறையத் தப்பினால் நின்றுவிடும். சின்னக்கருப்பன் அவர்கள் அதைப் பதினொரு துண்டுகளாகக் கழற்றுவார். கழற்றிய துண்டுகளைத் தரையில் வைக்கமாட்டார். நான் இரண்டாம் வகுப்பில் எழுதிய பழைய கல் சிலேட்டு ஒன்று வீட்டில் இருந்தது. அதில் பதினொரு வட்டம் போட்டு எண் எழுதச் சொன்னார். கழற்றும் ஒவ்வொன்றும் அதனதன் வட்டத்தில் உட்காரும். திரும்பப் பூட்டும்போது பின்னாலிருந்து முன்னால் வருவார். பூட்டி முடித்ததும் ஒரு கேள்வி கேட்பார்:

"பாப்பா, சிலேட்டுல என்ன மிச்சம்?"

"ஒண்ணும் மிச்சமில்லை."

"நல்லாப் பாருங்க."

"பாத்துட்டேன். ஒண்ணும் மிச்சமில்லை."

"அப்பச் சரி. அழிச்சிருங்க."

சிலேட்டு எதிரே வெறுமையாக இருப்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் கேட்பார். இன்னொருவர் வாயால் கேட்காமல் அவர் வண்டியை மூடியதே இல்லை.

பெட்ரோல் புறப்படும் வாய்க்கு ஜெட் என்று பெயர். ஊசி நுழையும் அளவே துவாரம். அதில் தூசி அடைத்தால் ஊரெல்லாம் கம்பி விட்டுக் குத்துவார்கள். அவர் கம்பியைத் தொடமாட்டார். கம்பி பித்தளையைத் தேய்த்துத் துவாரத்தைப் பெரிதாக்கிவிடுமாம். குதிரை வால் முடி ஒன்றை நுழைத்து மெல்ல உருவுவார். முடிக்கு எங்கே போவது? தல்லாகுளம் ஜட்கா ஸ்டாண்டில் முத்திருளன் என்பவரின் குதிரைக்குத்தான் அந்தப் பாடு. ஒருநாள் முத்திருளன் ஷெட் வாசலில் வந்து நின்று சண்டை பிடித்தார்.

"ஏப்பா சின்னக்கருப்பா! எங் குதிரை வாலு விளக்குமாத்துக் கட்டை மாதிரி ஆயிருச்சுய்யா. இன்னும் எம்புட்டு முடிதான் பிடுங்குவ?"

"கோவிச்சுக்கிராதீகண்ணே. ஒங்க குதிரை புண்ணியத்துல ஊர்ல நாலு பிள்ளை கூடப் பிறக்குதுல்ல?"

"பிறக்கும் பிறக்கும். பிறக்குற பிள்ளையெல்லாம் கனைச்சுக்கிட்டே பிறக்கப்போகுது, பாத்துக்க!"

சிரிக்கலாம். அவரும் சிரித்தார். முத்திருளன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாமே இரண்டு முடியைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்.

இப்போது நாலாம் எண்ணுக்கு வருகிறேன். இதைத் தயவுசெய்து கவனமாகக் கேளுங்கள்.

சிலேட்டில் நாலாம் வட்டத்துக்கு உரியது மிதவை. பித்தளையில் செய்த, உள்ளே ஒன்றுமில்லாத சின்ன டப்பி. பெட்ரோல் வந்து சேரும் அறையில் அது மிதக்கும். பெட்ரோல் போதுமான அளவு ஏறியதும் மிதவையும் ஏறி, வாசலை அடைத்துவிடும். மிதவையில் குண்டூசி முனையளவு ஓட்டை விழுந்தால் என்ன ஆகும்? அதற்குள் பெட்ரோல் புகுந்து, கனத்து, மூழ்கிவிடும். வாசலை அடைக்க ஆளில்லை. பெட்ரோல் வழிந்து என்ஜின் திணறி நின்றுவிடும். உடனே நிற்காது. எட்டு மைல், பத்து மைல் வரை ஒன்றும் தெரியாது. மிதவை மெல்ல மெல்லத்தான் குடிக்கும்.

ஆகையால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் சின்னக்கருப்பன் அவர்கள் மிதவையைத் துடைத்து, காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பார். பிறகு என் காதில் வைத்து ஆட்டுவார். சலசலவென்று சத்தம் கேட்டால் மிதவை குடித்துவிட்டது. கேட்காவிட்டால் நல்ல மிதவை.

போன வருஷம் பழைய மிதவை ஓட்டையாகிவிட்டது. இரண்டு முறை ஈயம் பற்றவைத்தும் நிற்கவில்லை. புதிது வேண்டுமென்று நர்ஸம்மா சென்னைக்கு எழுதினார்கள். வருவதற்கு ஐந்து மாதம் ஆயிற்று. அந்த ஐந்து மாதம் வண்டி நின்றதா? இல்லை! சீசா மூடும் தக்கையைச் செதுக்கி, அரக்கு பூசி, அவரே ஒரு மிதவை செய்து மாட்டினார். தக்கை மிதவையோடு அந்த வண்டி ஐந்து மாதம் ஓடிற்று. அந்தத் தக்கை இன்னும் ஷெட்டில் வெற்றிலைச் செல்லப் பெட்டிக்குள் இருக்கிறது. அதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்பேன்.

புது மிதவை தபாலில் வந்த அன்று ஜியோமெட்ரி பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். "இதுல எம் பேர்ல மொத எழுத்தப் போட்டு விடுங்க பாப்பா. கண்ணுபடாம இருக்கட்டும்" என்றார். காம்பஸ் முனையால் மிதவையின் தலையில் 'சி' என்று கீறினேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்த ஓர் எழுத்து மட்டும் தெரியும். விரலால் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். "நல்லா வளைச்சிருக்கீக" என்றார்.

இதற்குமேல் சொல்வது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் வரிசை தவறாமல் சொல்கிறேன்.

விபத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையில் வண்டியைக் கழற்றிச் சுத்தம் செய்தோம். பதினொன்றும் சரியாக இருந்தன. நாலாம் எண்ணை என் காதிலே வைத்துக் கேட்டேன். சத்தமில்லை. சிலேட்டை அழித்தோம்.

அன்று சாயங்காலம் காரியதரிசி அவர்கள் எங்கள் வீட்டுக்குக் காபி சாப்பிட வந்தார். அவரிடமும் அதே மாதிரி மோட்டார் சைக்கிள் இருப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். "என் வண்டி பத்து மைல் போனா பெட்ரோலைக் கக்கிக்கிட்டு நின்னுருது கைலாசம். செவ்வாக்கிழமை மேலூர்க் கோர்ட்டுல கேஸ் இருக்கு. பஸ்ஸை நம்பிப் போக முடியுமா?" என்று அப்பாவிடம் வருத்தப்பட்டார்.

என்னால் சும்மா இருக்க முடிந்ததா? படித்ததைச் சொல்ல ஒரு வாய்ப்புக் கிடைத்தால் என்னால் எப்போதுமே சும்மா இருக்க முடிந்ததில்லை. காபித் தட்டோடு வந்தவள் அங்கேயே நின்று, மிதவை ஓட்டையாக இருக்கும் என்று விளக்கிச் சொன்னேன். எப்படி ஆட்டிப் பார்ப்பது என்று தம்ளரைக் காதில் வைத்துக் காட்டினேன். "சங்கத்து வண்டியில் இருப்பது புத்தம் புதுசு மாமா. சத்தமே கேட்காது" என்றேன். பெருமையாகச் சொன்னேன்.

காரியதரிசி அவர்கள் கைதட்டினார். "வக்கீலுக்குப் படிக்க வேண்டிய பொண்ணுய்யா இது!" என்றார். தம் சட்டைப் பையிலிருந்து மைப்பேனாவை எடுத்து எனக்குப் பரிசாகக் கொடுத்தார்.

பள்ளிக்கூடத்தில் "நான் யாரைப் போல் ஆக விரும்புகிறேன்" என்று கட்டுரை எழுதச் சொன்னபோது நான் காரியதரிசி அவர்களின் பெயரைத்தான் எழுதினேன். இந்தச் சங்கத்தை ஆரம்பித்தவர் அவர். ஏழைத் தாய்மார்களுக்காக வீடு வீடாக ஏறி இறங்கியவர் அவர். அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. மறுக்க முடியாததால்தான் எனக்கு இத்தனை வலிக்கிறது.

திங்கட்கிழமை சின்னக்கருப்பன் அவர்கள் ஒரு துக்க வீட்டுக்காகச் சோழவந்தானுக்குப் போயிருந்தார். சாயங்காலம் நான் பள்ளியிலிருந்து வந்தபோது அப்பா ஷெட் சாவியை ஆணியிலிருந்து எடுத்துக் காரியதரிசி வீட்டு ஆளிடம் கொடுத்துக்கொண்டிருந்தார். "எதுக்குப்பா சாவி?" என்று கேட்டேன்.

"செக்ரட்டரி வண்டிக்குக் காத்தடிக்கணுமாம். பம்பு வேணுமாம். நீ போயி முகம் கழுவு."

நான் போய் முகம் கழுவினேன். அப்பா சொன்னால் நான் திரும்பக் கேட்பதில்லை. இதுவரை கேட்டதில்லை.

புதன்கிழமை காலை ஒன்பது மணி. மேலூருக்கு இந்தப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து ஆள் ஓடிவந்தது. இரண்டு நாளாக ஒரு பெண் வலியில் துடிக்கிறாளாம். சின்னக்கருப்பன் அவர்கள் அப்போதுதான் ஊரிலிருந்து வந்து இறங்கினார். நர்ஸம்மா பையோடு தொட்டியில் ஏறிவிட்டார்கள். நான் புத்தகப் பையோடு பள்ளிக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன்.

வேறொருவர் தொட்ட வண்டியைத் திறந்து பார்க்காமல் அவர் எடுக்கமாட்டார். அது அவர் வழக்கம். என்னைப் பார்த்து நின்றார்.

"பாப்பா, நான் இல்லாதப்ப வண்டியை யாரும் தொட்டாகளா?"

"இல்லை. பம்பை மட்டுந்தான் எடுத்தாங்க."

"பம்பு மட்டுந்தானா?"

"ஆமா. அப்பா சொன்னாங்க."

"அப்பச் சரி. பாப்பா சொன்னாச் சரி. வாரேன்."

உதைத்தார், முதல் உதையிலேயே வண்டி கிளம்பிற்று. அந்தச் சத்தம் கேட்டு எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நர்ஸம்மா எனக்குச் சொன்னார்கள். சங்கத்தின் விசாரணையிலும் சொன்னார்களாம். அறிக்கையில் அது எப்படி இல்லாமல் போயிற்று என்பதை எழுதியவர்கள்தான் சொல்ல வேண்டும். பத்து மைல் வரை வண்டி நன்றாகத்தான் ஓடியதாம். அதற்குப் பிறகு கொஞ்ச தூரத்திலே இரும ஆரம்பித்தது. அதற்கும் அப்பால், புளியமரங்கள் மறைக்கும் ஒரு வளைவில், பெட்ரோல் தரையில் சொட்டச் சொட்ட நின்றேவிட்டது. அவர் இறங்கி மூடியைத் திறந்து மிதவையை எடுத்தார். காதில் வைத்து ஆட்டினார். பிறகு அதன் தலையை விரலால் தடவிப் பார்த்தார். வெகு நேரம் தடவிப் பார்த்தாராம்.

"என்னப்பா?" என்று நர்ஸம்மா கேட்டார்கள்.

"இது நம்ம மிதவை இல்லைம்மா" என்றார். அப்புறம், "பாப்பா பம்புன்னுதானே சொல்லுச்சு" என்றார்.

இவ்வளவுதான் சொன்னாராம். மிதவையைத் திரும்ப உள்ளே போட்டு மூடினார். "ஊர் ரெண்டு மைலுதான். நீங்க நடந்து போங்கம்மா, பிள்ளைத்தாச்சி காத்திருக்கும். வண்டியை மட்டும் ஓரத்துல தள்ளிட்டுப் பின்னாலயே வாரேன்" என்று அவர்களை அனுப்பினார். நர்ஸம்மா அரை பர்லாங்கு போவதற்குள் அந்த வளைவில் ஒரு லாரி திரும்பியது.

அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். குழந்தையும் நலம். நர்ஸம்மா கையில் இரண்டு வித ரத்தத்தோடு ஊர் திரும்பினார்கள்.

கூடியிருப்பவர்களே! ஒரு மனிதர் இறக்கும்போது யாரை நினைத்துக்கொண்டு இறந்தார் என்பது யாருக்குத் தெரியும்? எனக்குத் தெரியும். என்னை நினைத்துக்கொண்டு இறந்தார். பாப்பா பொய் சொல்லிவிட்டது என்று நினைத்தாரா? பாப்பாவையும் ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைத்தாரா? அதை எனக்கு யார் சொல்வார்கள்? நான் வேண்டாத கோயில் இல்லை. பதில் கிடைக்கவில்லை. ஒரு நிமிஷம் அவர் உயிரோடு வந்தால் போதும். நான் பொய் சொல்லவில்லை, எனக்குச் சொல்லப்பட்டதைச் சொன்னேன் என்று அந்த ஒரு நிமிஷத்தில் சொல்லிவிடுவேன். அந்த நிமிஷம் எனக்கு வராது. ஆகையால்தான் உங்களிடம் சொல்கிறேன்.

நொறுங்கிய வண்டியை மாட்டு வண்டியில் ஏற்றி ஷெட்டில் கொண்டுவந்து போட்டார்கள். தொட்டியும் சக்கரமும் போய்விட்டன. கார்புரேட்டர் மட்டும் அடிபடாமல் இருந்தது. மறுநாள் நான் உள்ளே போனேன். அவர் கழற்றுகிற வரிசையிலேயே கழற்றினேன். சிலேட்டில் பதினொரு வட்டம் போட்டேன். விசாரணை அறிக்கையில் 'அழுக்கு' என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு தூசிகூட இல்லை! ஜெட்டின் வழியே வெளிச்சம் தெரிந்தது. பத்துத் துண்டுகளும் ஞாயிற்றுக்கிழமை துடைத்த பளபளப்போடு இருந்தன. நாலாவதாக வந்தது இதுதான்.

அக்கிராசனர் அவர்களே, தயவுசெய்து இதை வாங்கிக்கொள்ளுங்கள். தலையில் எழுத்தில்லை. பக்கத்தில் ஈயப் பற்று இருக்கிறது. காதில் வைத்து ஆட்டிப் பாருங்கள். மெல்ல. பதினோரு நாள் ஆகியும் உள்ளே மீதி இருக்கிறது. கேட்கிறதா? கேட்கிறது என்பது உங்கள் முகத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அடுத்தவரிடமும் கொடுங்கள். மேடையில் எல்லோரும் கேட்கட்டும்.

நான் அன்று இதை எடுத்துக்கொண்டு போய் அப்பாவிடந்தான் முதலில் காட்டினேன். அப்பா, உட்கார் என்று எனக்குச் சைகை காட்டாதீர்கள். வீட்டில் நான் உங்களை எதிர்த்துப் பேசியதில்லை. இங்கே பேசுவதும் எதிர்ப்பதற்கல்ல. அன்று நீங்கள் என்னிடம் என்ன சொன்னீர்கள்?

"ரெண்டே நாளுக்கு மாத்தி வச்சாங்க ஸ்யாமளா. மேலூர் போயிட்டு வியாழக்கிழமை திருப்பி வைக்கிறதாத்தான் இருந்துச்சு. யாரு கண்டா புதன்கிழமை ஆள் வரும்னு?"

"அப்படின்னா என்கிட்ட ஏம்ப்பா பம்புன்னு சொன்னீங்க?"

"நீ போயி அவன்கிட்ட ஒளறிருவன்னுதான்."

ஒளறியிருப்பேன்! அப்பா, நிச்சயமாக உளறியிருப்பேன். உளறியிருந்தால் அவர் மூடியைத் திறந்திருப்பார். தக்கை மிதவையை மாட்டியிருப்பார். ஐந்து நிமிஷம் தாமதமாகியிருக்கும். இன்று இங்கே கூட்டம் நடந்திருக்காது. நீங்கள் சொல்வது உண்மை என்று நம்பித்தானே உங்களிடம் அந்தப் பொய்யை வாங்கி அவரிடம் கொடுத்தேன்? ஒரு மனிதர் என் வார்த்தையை நம்பி உயிரைக் கொடுத்தார். அந்த வார்த்தையை எனக்குக் கொடுத்தது நீங்கள். பிறகு அறிக்கையும் தீர்மானமும் எழுதியது நீங்கள். நான் தினமும் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகிய அந்த அழகான கையெழுத்தில், "உரிய கவனத்துடன் சுத்தம் செய்யாமல்" என்று எழுதியிருக்கிறீர்கள்.

காரியதரிசி அவர்களே! உங்களிடம் ஒரே ஒரு கேள்வி. முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அந்தத் தக்கையைப் பற்றியது. நீங்கள் ஏன் கேட்கவில்லை? திங்கட்கிழமை விடிவதற்கு முன்னால் அவர் ஊருக்குப் போனார் என்றால், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் ஷெட்டில்தானே இருந்தார்? எங்கள் வீட்டு வாசலிலிருந்து இருபது தப்படி. "சின்னக்கருப்பா, என் மிதவை ஓட்டையாகிவிட்டது, ஒன்று செய்து கொடு" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அரக்கு காய்கிற நேரத்துக்குள் செய்து கொடுத்திருப்பாரே! தக்கையில் ஓடும் வண்டியில் கோர்ட்டுக்குப் போவது உங்களுக்குக் கௌரவக் குறைவா? அல்லது அவரிடம் 'கொடு' என்று கேட்பது கௌரவக் குறைவா? எடுத்துக்கொள்ளலாம், கேட்கக்கூடாது என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது?

உங்கள் பேனாவை மேஜைமேல் வைக்கிறேன். இந்த உரையைப் பென்சிலால்தான் எழுதினேன்.

ராக்கம்மாள் அவர்களே! காரியம் முடிந்த அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டீர்கள்: "எம் புருசன் பாக்காம வண்டி எடுக்கிற ஆளா? கூடவே இருந்தவ நீ, நீ சொல்லு தாயி." இன்று பதில் சொல்கிறேன். அவர் பார்க்காமல் எடுக்கிற ஆள் இல்லை. அன்றைக்கு மட்டும் பார்க்கவில்லை; பார்ப்பதற்குப் பதிலாக என்னைக் கேட்டார். குற்றம் அவர் கையில் இல்லை. அவர் நம்பியவர்களிடம் இருக்கிறது. அவர்களில் நானும் ஒருத்தி.

துக்கம் கேட்க வந்தவர்கள் இறந்தவரின் பணியைத் தொடருவோம் என்று உறுதி சொல்வது முறை. நானும் சொல்கிறேன். சங்கத்துக்கு நாளை வேறு வண்டி வரும், வேறு ஓட்டி வருவார். யார் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் குதிரை வால் முடியோடு ஷெட்டில் இருப்பேன். மிதவையைக் காதில் வைத்துப் பார்ப்பேன். அவர் கேட்ட கேள்வியை நான் கேட்பேன். யாராவது என்னிடம் கேட்டால், நானே கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்வேன். அப்பா சொன்னார், பெரியவர்கள் சொன்னார்கள் என்று இனி ஒருநாளும் சொல்லமாட்டேன். இது சின்னக்கருப்பன் அவர்கள் பெயரால் சொல்லும் உறுதி.

அக்கிராசனர் அவர்களே, தீர்மானத்தின் இரண்டாவது வாக்கியத்தை அடித்துவிட்டு, முதல் வாக்கியத்தில் முழுப் பெயரை எழுத வேண்டுகிறேன். நம்ப முடியாவிட்டால் வெளியே வேப்பமரத்தடியில் காரியதரிசி அவர்களின் வண்டி நிற்கிறது. மிதவை அறையின் மூடியைத் திறக்க இரண்டு நிமிஷம் போதும். ஸ்பானர் என் கையில் இருக்கிறது. உள்ளே இருப்பதன் தலையில் என் காம்பஸ் கீறிய எழுத்து இல்லையென்றால், எல்லோர் முன்னிலையிலும் காரியதரிசி அவர்கள் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கிறேன்.

இதோ அந்தச் சிலேட்டு. இந்த மேஜைமேல் வைக்கிறேன். பத்து வட்டங்களில் பத்துத் துண்டுகள் இருக்கின்றன. நாலாம் வட்டம் காலி. சிலேட்டில் என்ன மிச்சம் என்று அவர் கேட்பது எனக்குக் கேட்கிறது. மிச்சம் இருக்கிறது. 'சி' எழுதிய மிதவை வந்து சேருகிற வரையில் இதை யாரும் அழிக்க வேண்டாம்.